என் சுவரும் சகலையின் கண்ணாடியும்

மாமியார் வீட்டுக் கூடத்தில் என் சகலை கட்டிய கண்ணாடிக் கட்டடத்தின் படம் மாட்டியிருக்கிறது. யார் வந்தாலும் மாமியார் அவர்களை அதன் முன்னால் நிறுத்தி, "இது சின்ன மாப்பிள்ளை கட்டினது" என்பார். என்னைக் காட்டும்போது, "பெரியவர் பழைய சுவருக்கெல்லாம் பூச்சு பூசறார்" என்பார். நானும் பொறியாளர்தான். படித்த கல்லூரிகூட ஒன்றே, மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். யார் கேட்கிறார்கள்?

போதாக்குறைக்கு இருவரையும் ஒரே வேலையில் கோத்துவிட்டார்கள். பழைய வங்கிக் கட்டடம் ஒன்று. தெருவைப் பார்த்த முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இருந்ததையெல்லாம் இடித்தாயிற்று. இரும்புச் சட்டங்கள் முட்டுக்கொடுக்க, ஒற்றைச் சுவராக நிற்கும் அந்த முகப்பைக் காப்பாற்றுவது என் வேலை. அதன் பின்னால் குழி தோண்டி மாடி மாடியாக எழுப்புவது அவன் வேலை. உரிமையாளர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "சுவர் அசையாம நின்னா நிக்கட்டும். அசைஞ்சா இடிச்சுட்டு முன்பக்கமும் கண்ணாடிதான்."

முகப்பில் இருந்த பழைய விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டைகளை ஒட்டியிருந்தேன். சுவர் துளி அசைந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று காலை ஜன்னல் வளைவுக்கு மேலே ஒரு பட்டை இரண்டாக உடைந்திருந்தது. நான் பதறியிருக்க வேண்டும். எனக்கோ வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சகலை தோண்டிய குழியால் சுவர் அசைந்துவிட்டது. மாட்டினான்! முன்பின் யோசிக்காமல் உரிமையாளருக்கு ஃபோன் போட்டேன்.

அவர் வந்து அண்ணாந்து பார்த்தார். சகலைக்கு விழப்போகும் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அப்ப இடிச்சிடலாம்" என்றார்.

அவனை மாட்டிவிடும் அவசரத்தில் என் சுவரையே மாட்டிவிட்டிருந்தேன்.

குழிப் பக்கமிருந்து வந்த சகலைதான் சாரத்தில் ஏறினான். உடைந்த பட்டைக்குப் பக்கத்தில் விரலால் தட்டினான். உள்ளே காலியாக இருப்பது போல் டொக்கென்று சத்தம் வந்தது.

"சகலை, பூச்சு மேலயா ஒட்டினீங்க? பூச்சுதான் கழண்டு வருது. உள்ள செங்கல் அசையவே இல்லை. பின்பக்கம் வாங்க, காட்டறேன்."

உண்மைதான். மற்ற இடங்களிலெல்லாம் பூச்சைக் கொத்திவிட்டுச் செங்கல்லில்தான் ஒட்டியிருந்தேன். அந்த இடத்தில் மட்டும் பூச்சில் பூவேலை இருந்தது. கொத்த மனசு வரவில்லை.

பின்பக்கச் சாரத்தில் ஏறினோம். அதே விரிசலின் குறுக்கே, வெறும் செங்கல்லில், மூன்று கண்ணாடிப் பட்டைகள் இருந்தன. நான் ஒட்டியவை அல்ல. மேலே சகலையின் கையெழுத்தில், குழி தோண்டத் தொடங்குவதற்கு முந்தைய தேதி. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. உரிமையாளர் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, நிக்கட்டும்" என்று கிளம்பிப் போனார்.

"நீ எதுக்குப்பா இதை ஒட்டினே?" என்று கேட்டேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "நிஜத்தைச் சொல்லட்டா? என் கட்டடத்து முன்னால யாராவது நின்னா, கண்ணாடியில தலை சீவத்தான் நிக்கறாங்க. உங்க சுவரை நின்னு பாக்கறாங்க. எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு. தினமும் காலையில வந்து, உடைஞ்சிருக்கான்னு ஆசை ஆசையா பாப்பேன். ஒண்ணுகூட உடையலை, சகலை."

சொல்லிவிட்டுச் சிரித்தான். காலையில் என் வயிற்றில் வார்த்த பாலைப் பற்றி நானும் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். பொறாமையை ஒப்புக்கொள்வதிலும் அவன் என்னை முந்திவிட்டானே என்று இன்னும் வயிறு எரிகிறது.