திருட்டு முழி

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் கடை திறந்த நாளிலிருந்து தடித்த கறுப்பு ஃப்ரேம் ஒன்று அவர் மூக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வெறும் கண்ணாடி, பவரே இல்லை. "கண்ணாடி போடாதவன் கண்ணாடி வித்தா எவன் வாங்குவான்?" என்று மகளிடம் சொல்வார். அந்த ரகசியம் கடையில் கண் பரிசோதனை செய்யும் மகளுக்கு மட்டும்தான் தெரியும்.

கண்ணாடி போட்டவன் படித்தவன், வட்டக் கண்ணாடி போட்டவன் பொய்யே பேசமாட்டான் என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார். அளந்து அளந்து கடைசியில் அவரே நம்பிவிட்டார், பாவம்.

மகள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டதோ ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை. போன வாரம் அவன் வேலை முடிந்த கையோடு, தாடியும் கலைந்த தலையுமாக, வருங்கால மாமனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று, யாரென்று சொல்லாமல் கடைக்கு வந்தான். அவன் போகும்வரை அப்பா அவன் முதுகை விட்டு நகரவில்லை. "திருட்டு முழி முழிக்கிறான் பாரு" என்று அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

தாயில்லாத மகளை வளர்த்தவர் அப்பா. அவர் மனம் கோணக் கல்யாணம் செய்துகொள்ள அவளால் முடியாது. அவனை விடவும் முடியாது. யோசித்து, தாடியை எடுக்கச் சொல்லி, பவர் இல்லாத வட்டக் கண்ணாடி ஒன்றை மாட்டி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "வாங்க தம்பி, உக்காருங்க! முழியில என்ன ஒரு தெளிவு! போன வாரம் ஒருத்தன் வந்தான் கடைக்கு..."

மெக்கானிக் அவசரமாக டீக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தான். ஆவியில் கண்ணாடி மங்கிப்போனது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? அப்பா அதை வாங்கித் துடைத்து, ஜன்னல் கம்பிக்கு நேராகப் பிடித்து அசைத்துப் பார்த்தார். பவர் இருந்தால் அதன் வழியே கம்பியும் அசைவதுபோலத் தெரிய வேண்டும். கம்பி அசையவே இல்லை.

"பவரே இல்லையே!" நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். "டேய், நீ அந்தத் திருட்டு முழி!"

அவளுக்கு உயிரே போய்விட்டது.

"நான்தான் அங்கிள்" என்றான் அவன். "அன்னிக்கு உங்களப் பாத்த பயம். முழி அப்படித்தான் போகும்."

"வெறும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு, பெரிய மனுஷன் மாதிரி ஊர ஏமாத்த..."

பாதியில் நின்றார். மகள் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை தானாக மேலே போய், கறுப்பு ஃப்ரேமைக் கழற்றி மேசைமேல் வைத்தது.

மெக்கானிக் பதறிப்போனான். "அய்யோ, அதக் கழட்டாதீங்க அங்கிள்! நான் தெரியுறேனா உங்களுக்கு?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லாவே தெரியுறீங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா. "டீ ஆறுது, குடிங்க."