கித்தான் பை

முப்பத்திரண்டு வருஷம் பூச்சிமருந்து விற்றுப் பிழைத்த மனிதர், வயதான காலத்தில் இயற்கைக் காய்கறிக் கடைகளுக்குப் பைத்தியமாய் அலைகிறார் என்றால், சாத்தான் வேதம் ஓதுகிறது என்றுதான் பழைய ஊரில் சிரிப்பார்கள். நல்லவேளை, மகளுடைய ஊரில் அவரை மருந்துக்காரர் என்று கூப்பிட ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு கடையை விற்றுவிட்டு இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது.

மகளுக்கு இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவதுக்கு இப்போது ஐந்தாம் மாதம். மருந்து படாத காய்தான் வாயில் வைப்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். முந்தைய இரண்டும் ஏன் கலைந்தன என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அவர் மனசுக்குள் மட்டும் ஒரு காரணம் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. காய் வாங்கும் வேலையை மட்டும் மாப்பிள்ளையிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த ஊரில் அப்படி மூன்று கடைகள். ஒன்றில் கண்ணெதிரே எண்ணெய் ஆட்டித் தருவார்கள். இன்னொன்றில் கண்ணாடித் தொட்டிகளில் தானியம் இருக்கும், வேண்டியதை நாமே அள்ளிக்கொள்ளலாம். மூன்றாவது, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் தனியாளாய் நடத்திய குறுகலான கடை. மரப்பெட்டிகளில் மண் ஒட்டிய கேரட், ஓட்டை விழுந்த கீரை. அவருக்கு உயிர் அந்தக் கடைதான். ஓட்டை இருக்கிற இலையாகப் பார்த்துப் பொறுக்குவார். "புழு நம்மளைவிடக் கெட்டிக்காரன், மருந்து அடிச்சதைத் தொடமாட்டான்" என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பாடம் வேறு எடுப்பார். அந்தப் புழுவைக் கொன்றுதான் வீடு கட்டினார் என்பது அவர்களுக்குத் தெரியாது. சும்மா சொல்லக்கூடாது, அந்த நாலு மாதமும் மனிதர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

மூன்று கடைகளிலும் பிளாஸ்டிக் பை கொடுக்கமாட்டார்கள். அதனால் என்ன, அவரிடம்தான் பழைய கித்தான் பை இருந்ததே. வயல் வயலாக மருந்துப் புட்டிகளைச் சுமந்து அவரோடு அலைந்த பை. மனைவி சாவதற்கு முன் சோடா போட்டு மூன்று தடவை துவைத்து மடித்து வைத்திருந்தாள். தையல் இன்னும் விடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முட்டைக்கோஸ் வாங்கித் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சொட்டச் சொட்ட வீடு வந்தார். அவர் தலை துவட்டிவிட்டு வருவதற்குள் மகள் கோஸை நறுக்கி உப்புத் தூவிப் பச்சையாகவே மென்றுகொண்டிருந்தாள். தானும் ஒரு துண்டை எடுத்தார். வாய்க்குப் போகுமுன் கை நின்றுவிட்டது. அழுகிய பூண்டில் மண்ணெண்ணெய் கலந்த வாசம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அது எந்தப் பூச்சிமருந்து என்று பெயர் சொல்வார்.

மகளிடம் தட்டைத் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதிக் கோஸைப் பையில் போட்டுக்கொண்டு மழையிலேயே ஓடினார்.

கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. பையைத் தராசு மேஜையில் போட்டார்.

"மருந்து அடிச்ச கோஸை மருந்து இல்லைன்னு விக்கிறீங்களே, என் பொண்ணு மாசமா இருக்காம்மா. மனசாட்சின்னு ஒண்ணு உங்களுக்கு இருக்கா?"

கீரைக் கட்டை எடுத்திருந்த ஒரு பெண்மணி அதைத் திரும்ப வைத்துவிட்டு வெளியேறினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைக்காரப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். முப்பத்திரண்டு வருஷம் அதைத்தான் விற்றேன், என் மூக்கு பொய் சொல்லாது என்றார்.

அவள் சண்டைக்கு வரவில்லை. அதே பெட்டியிலிருந்து ஒரு கோஸை எடுத்து இரண்டாகப் பிளந்து நீட்டினாள். கோஸ் வாசம்தான் வந்தது. இன்னொன்றைப் பிளந்தாள். அதிலும் கோஸ் வாசம்தான். பிறகு மேஜையில் கிடந்த பையருகே குனிந்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயா, வாசம் கோஸ்ல இல்ல. உங்க பையில இருக்கு. மழையில நனைஞ்சதும் கிளம்பியிருக்கு."

அவர் ஈரப் பைக்குள் முகத்தைப் புதைத்துப் பார்த்தார். அவருக்கு வெறும் துணி வாசம்தான் அடித்தது. அதுதான் அவரைக் கொன்றது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், தன் பையும் தெரியாது போலிருக்கிறது. நம்ம மருந்து மழையே பெய்தாலும் போகாது என்று எத்தனை விவசாயிகளிடம் மார்தட்டியிருப்பார். நாலு மாதமாக மகள் தின்ற கேரட், கீரை, ஆப்பிள் எல்லாம் இந்தப் பைக்குள் உட்கார்ந்துதான் வீட்டுக்கு வந்தன.

மன்னிப்புக் கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பஸ் நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியில் பையைத் திணித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். நடந்ததை நின்றபடியே மகளிடம் ஒப்பித்தார். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் லேசாகச் சிரித்தாள்.

"அந்த வாசமாப்பா? அது உங்க வாசம்னுல்ல நினைச்சேன். சின்ன வயசுல நீங்க வெளியூர் போயிட்டா, உங்க அழுக்குச் சட்டையைக் குடுத்துத்தானே அம்மா என்னைத் தூங்க வைப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. சிரிப்பு நின்றது. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. இரண்டு கருவும் கலைந்த காரணம் கேட்டு அவள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி கிடையாது. அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

தெரியாது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அது வரவில்லை. அவள் முன்னாலிருந்த கோஸ் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவப் போட்டார்.