பேரில்லாத இருபது ஜிபி

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதென்றால் எனக்குக் கொண்டாட்டம். வீட்டைக் கழுவி விட்டால்தான் சிலருக்குச் சோறு இறங்கும், நான் அந்த ரகம். கேணிக்கரையில் இருக்கிற என் கடைக்கு வரும் எந்த லேப்டாப்பிலும் வேண்டாத பார்ட்டிஷன் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் எனக்குக் கை அரிக்கும். "ஹாஃபிஸா கை பட்டால் ஹார்டு டிஸ்க் பளபளக்கும்" என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யார் சொல்வார்கள்?

அன்று மதியம் தங்கச்சிமடத்திலிருந்து ஆன்டனி ராஜ் அண்ணனும் அவர் மனைவி பிரெசில்லா அக்காவும் வந்தார்கள். அண்ணன் சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர். மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு நாள்தான் பாக்கி. லேப்டாப்போ திறப்பதற்கே அரை மணி நேரம் எடுத்தது.

"நாளான்னைக்கு விடியக் கடலுக்குப் போறேன் தங்கச்சி. இன்னைக்கே வேணும்."

"ஒன்றரை மணி நேரத்துல கையில தாரேன்ணே. சி டிரைவை அழிச்சுட்டுப் புதுசாப் போடுவேன். டி-யைத் தொட மாட்டேன். வேற எதுவும் பத்திரமா வைக்கணுமா?"

அவர் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்ல."

பென் டிரைவைச் செருகி, பிஸ்மி சொல்லி ஆரம்பித்தேன். டிஸ்க்கின் பிரிவுகள் வரிசையாகத் திரையில் வந்தன. சி, டி, பொடிசாக இரண்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில் பேரில்லாமல் ஓர் இருபது ஜிபி. கம்பெனிக்காரன் என்றைக்கோ விட்டுவிட்டுப் போன குப்பை என்று முடிவு கட்டி, சி-யோடு அதையும் அழித்தேன். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அதான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே என்கிற திமிர்.

நாற்பது நிமிடத்தில் புது விண்டோஸ் வந்து நின்றது. என்ன வேகம்! பெருமை தாங்காமல் டிஸ்க்கின் படத்தைத் திறந்து அவர்களைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இங்கன பாருங்க. ஓரத்துல கருப்பா ஒரு பட்டை தெரியுதா? இருபது ஜிபி! பேரே இல்லாம சும்மா கிடந்துச்சு, தூக்கிட்டேன். இப்ப இதை டி-யோட சேர்க்கப் போறேன். ஓசியில இடம்!"

அண்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "கை வைக்காத தங்கச்சி! மவுஸை விடு! அதுலதான் பாயிண்டு பூராவும் இருக்கு!"

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பாயிண்டு என்றால் கடலில் மீன் நிற்கும் இடம், வலையைக் கிழிக்கும் பாறை இருக்கும் இடம். பதினோரு வருடமாக ஒவ்வொன்றாகக் குறித்துச் சேர்த்தவை. படகிலிருந்த பழைய ஜிபிஎஸ் தடைக்காலத்தில் செத்துப்போய், புதுசு மாட்டியிருந்தார்கள். இந்த லேப்டாப்பிலிருந்துதான் அதில் ஏற்ற வேண்டும். வேறு பிரதி கிடையாது. பாயிண்டு இல்லாமல் போனால் வலை கிழிந்து வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

"டி-யில இருக்குன்னுதானே என்கிட்ட சொன்னீக?" என்றார் அக்கா. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "ஓகோ. என்கிட்ட சொன்னா என் தம்பி யேசுதாசுக்குப் போயிரும்னு ஒளிச்சு வச்சீகளா?"

தம்பியும் அதே ஊரில் படகு வைத்திருப்பவர். அக்காவின் மூக்கு சிவந்துவிட்டது.

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்கிட்டயாவது சொல்லக் கூடாதாண்ணே? நான் என்ன வலையைத் தூக்கிட்டுக் கடலுக்கா வரப் போறேன்?"

"பாம்பன்ல ஒருத்தரு, சி, டி மாதிரி இருக்குற எழுத்தை எடுத்துட்டா அந்த டிரைவு யாருக்கும் தெரியாதுன்னு சொன்னாரு. அதான் ஒன் கண்ணுக்கும் தெரியாதுன்னு நெனச்சேன் தங்கச்சி."

யா அல்லாஹ்! இந்த மனிதரைத் திட்டுவதா, சிரிப்பதா? இரண்டுக்கும் நேரமில்லை. "உக்காருங்க. நான் பேரேட்டுலேருந்துதான் அடிச்சிருக்கேன், உள்ள இருக்குறதை இன்னும் தொடலை. கதவு நம்பரைப் பேத்துட்டேன், வீடு அப்படியே நிக்குது. அதுமேல புதுசா எதையும் எழுதாம இருந்தாச் சரி."

டி-யோடு சேர்த்து எதையாவது ஏற்றியிருந்தால் நின்ற வீடும் போயிருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை.

மீட்கும் மென்பொருளை இன்னொரு பென் டிரைவிலிருந்து ஓட்டினேன். டிஸ்க்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தேட ஆரம்பித்தது. பத்து சதவீதம். முப்பது. அண்ணன் ஜெபமாலையை வெளியே எடுத்துவிட்டார். அறுபது. டி-யைக் கண்டுபிடித்தது, அது எங்களுக்கு எதற்கு? தொண்ணூறு. தொண்ணூற்று நாலில் பச்சையாக ஒரு வரி வந்தது. இருபது ஜிபி!

"மாட்டுச்சு! மாட்டுச்சுண்ணே!" என்று கத்தினேன். பழைய எல்லையை அப்படியே திரும்ப எழுதி, லேப்டாப்பை அணைத்துத் திறந்து, அதற்கு ஓர் எழுத்தைக் கொடுத்தேன். டிரைவ் திறந்தது. கோப்பு இருந்தது. இருநூற்றுப் பதினேழு பாயிண்டு, ஒன்றுகூடக் குறையவில்லை. அல்ஹம்துலில்லாஹ்! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அக்காவும் கோபத்தை மறந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? சட்டென்று திரையை உள்ளங்கையால் மறைத்தார்.

அக்கா குலுக்குவதை நிறுத்தினார். "கையை எடுங்க" என்றார் மெதுவாக. எடுக்கவில்லை. அக்காவே அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, குனிந்து பட்டியலைப் படித்தார். பாயிண்டு ஒவ்வொன்றுக்கும் அண்ணன் ஒரு பெயர் வைத்திருந்தார்.

"இதென்ன, யேசுதாஸ் ஒண்ணு, யேசுதாஸ் ரெண்டு, யேசுதாஸ் மூணு..." அக்காவின் விரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. பதினான்கில் நின்றது. "இதெல்லாம் அவன் சொல்லிக் குடுத்ததா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "படகு வாங்குன புதுசுல... எனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல. அவந்தான் கூட வந்து காட்டுனான்."

அக்கா என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, என் தம்பி நம்பரைச் சொல்றேன். அவனுக்கும் ஒரு காப்பி அனுப்பு" என்றார்.

"பதினாலு அனுப்பு தங்கச்சி" என்றார் அண்ணன் அவசரமாக.

"பூராவும்" என்றார் அக்கா.

நான் மவுஸைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அண்ணன் அந்தப் பதினான்கு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விழுந்து கிடந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தி உட்கார்ந்தார்.

"பூராவும் அனுப்பு."