கொப்பன்பெர்க்கில் ஊன்றிய கால்

முழங்கையால் இடித்தான் லீவன். நீலச்சட்டைக்காரன் திரும்பி முறைத்தான். முறைக்க எடுத்துக்கொண்ட அந்த நொடி போதும். கிடைத்த இடுக்கில் சைக்கிளின் முன்சக்கரத்தைச் சொருகி அவனைத் தாண்டிவிட்டான் லீவன்.

மெல்டன் கிராமத்து முனை நெருங்கிவிட்டது. அங்கே சாலை சட்டென்று வலப்பக்கம் ஒடிந்து சந்தாகச் சுருங்கும். சந்துக்குள் நுழைந்தால் கொப்பன்பெர்க். ஈரக் கற்கள் பாவிய, சுவரைப் போல நிமிர்ந்த ஏற்றம். முன்னால் போகிறவன் ஒருத்தன் கால் ஊன்றினால், பின்னால் வருகிற அத்தனை பேரும் இறங்கி நடக்க வேண்டியதுதான். அந்த முனையில் முதல் பத்துப் பேருக்குள் இல்லாதவனுக்குப் பந்தயம் அங்கேயே முடிந்தது.

லீவன் ஆறாவதாகத் திரும்பினான். அவனுக்கு நேர் முன்னால் சக அணிக்காரன் மார்னிக்கின் பின்சக்கரம். அதற்கும் முன்னால் அணியின் நட்சத்திரம், பொடியன் யெல்லே.

காலையில் பஸ்ஸுக்குள் மேனேஜர் ஒடிலோன் லீவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "மார்னிக் சக்கரத்தை விடாதே. உச்சியில யெல்லே பக்கத்துல உன்னையும் பார்த்தேன்னா, அடுத்த வருஷமும் நீ நம்ம ஆளுதான்."

முப்பத்திநாலு வயதில் அவனைச் சீண்ட வேறு அணி கிடையாது. போன ஞாயிறு மதியச் சாப்பாட்டில் மாமனார், தன் பன்றிக் கொட்டகையில் போட்டுக்கொள்ள இவன் அளவுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். கிண்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் உறுத்தியது.

ஏற்றம் செங்குத்தாகும் இடம் வந்தது. இருபுறமும் மேட்டில் கூட்டம். பியர் வாடை, உருளைக்கிழங்கு வறுவலின் எண்ணெய் வாடை, சிங்கம் போட்ட மஞ்சள் கொடிகள். லீவனுக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு சக்கரம் மட்டும் தெரிந்தது. தொடைகள் எரிந்தன. ஆனாலும் ஏறிக்கொண்டிருந்தான். பல வருஷங்களுக்குப் பிறகு, இன்று ஏறிவிடுவான் என்று அவனுக்கே நம்பிக்கை வந்தது.

அப்போதுதான் மார்னிக்கின் முன்சக்கரம் கோணியது.

சைக்கிள் வழியை அடைத்துக் குறுக்கே சாய்ந்தது. மார்னிக்கின் கால் கல்லில் ஊன்றியது. ஒதுங்க இடமே இல்லை. லீவனின் காலும் தரைக்கு வந்தது. அவன் முதுகில் ஒருவன் மோதினான், அவன் மேல் இன்னொருவன். சந்து முழுக்கக் கெட்ட வார்த்தைகள்.

லீவன் சைக்கிளைத் தோளில் தூக்கிப்போட்டு ஓடினான். அடியில் தகடு வைத்த பந்தய ஷூ ஈரக் கல்லில் நிற்கவே இல்லை. இரண்டு முறை முட்டிபோட்டு விழுந்தான். "அண்ணே, நாங்களும் இப்படித்தான் நடந்து வந்தோம்," என்றான் பியர் கோப்பையோடு ஒருவன். கூட்டம் சிரித்தது.

உச்சியில் வேறு வீரர் யாரும் இல்லை. யெல்லேயும் இன்னும் மூன்று பேரும் தொலைவில் புள்ளியாகிக்கொண்டிருந்தார்கள். காதில் மாட்டிய ரேடியோக் கருவியில் ஒடிலோனின் குரல் யெல்லேயைப் பிரமாதம் பிரமாதம் என்று கொண்டாடியது. லீவனின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அவன் துரத்தினான், பயனில்லை என்று தெரிந்தே. அடுத்த ஏற்றத்தில் கால்கள் கைவிட்டன. பின்தங்கியவர்களைப் பொறுக்கிவரும் வேன் பக்கத்தில் வந்து நின்றது. எண் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறினான்.

உள்ளே, கடைசி இருக்கையில் மார்னிக் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். லீவன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வேன் முடிவுக்கோட்டை நெருங்கியபோது ஓட்டுநரின் ரேடியோவில் யெல்லே ஜெயித்துவிட்டதாக யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். மார்னிக் அழுதுகொண்டிருந்தான். பாவமாக இருந்தது. அவன் முழங்காலில் கைவைத்து லீவனே ஆறுதல் சொன்னான்.

"விடுடா. ஈரக் கல்லு. யாருக்குத்தான் வழுக்காது."

"வழுக்கலைடா," என்றான் மார்னிக்.

லீவன் கையை எடுக்கவில்லை. இன்னும் புரியவில்லை.

"காலையில நீ பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒடிலோன் என்னைக் கூப்பிட்டாரு. யெல்லே தப்பிச்சதும் வண்டியைக் குறுக்க போடுன்னாரு. மாட்டேன்னா என்னையும் வீட்டுக்கு அனுப்பிருவாரு. நம்ம ஆளே பின்னால மாட்டிக்கிட்டு நின்னா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்ல? அதுக்கு நீ என் சக்கரத்தை விடாம வரணும். அதுக்குத்தான் உன்கிட்ட அடுத்த வருஷம்னு சொன்னது." மார்னிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "உன் இடத்துக்கு எப்பவோ ஆள் போட்டாச்சு, லீவன்."