கனகத்துக்குச் சுகர் இல்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஸ்ரீபெரும்புதூரில், ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து வாங்கும் வரிசையில். முன்னால் நின்ற இரண்டு பெண்களின் முதுகைத்தான் பார்த்தேன். ஒருத்தி சொன்னாள்: "சுகரு மாத்திரன்னு சொல்லிட்டேன். இப்ப யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல." மற்றவள் சிரிக்கவில்லை. வரிசை நகர்ந்துவிட்டது.

மீதியெல்லாம் என் இட்டுக்கட்டல். எனக்குக் கதைகள் குரலாகத்தான் வரும். ஆகவே கனகம் சிவப்பா கறுப்பா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் மூக்கால் பேசுவாள். அது தெரியும்.

2

முதல் தொடக்கம்: 'ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் ஊர்ந்த அந்தக் காலையில், கனகத்தின் மனத்தில் இனம்புரியாத ஒரு' —

வேண்டாம். 'இனம்புரியாத' என்று எழுதினால் எழுதுகிறவளுக்கே புரியவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது: 'கனகம் வடக்குப்பட்டுக்காரி. முப்பத்தெட்டு வயது. காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் வல்லம் வடகால் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷமாக வேலை.' பரவாயில்லை. இருக்கட்டும்.

3

கம்பெனியின் உற்பத்தி லைனில் யாரும் நினைத்தபோது இடத்தை விட்டு நகர முடியாது. கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் வந்து உங்கள் இடத்தில் நின்ற பிறகுதான் பாத்ரூம்.

போன தீபாவளிக்குப் பிறகு ஒரு கட்டுக்கான நேரத்தைக் குறைத்தார்கள். ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறியது. தூக்கம் எந்த வாரத்திலும் ஒட்டவில்லை. கனகம் மணிக்கொரு தரம் கை தூக்க ஆரம்பித்தாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நிற்பாள். அழுகைகூட வராது. (அழவைத்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

காரணத்தைக் கண்டுபிடித்தவள் பக்கத்து இடத்தில் வேலை செய்யும் மஞ்சுளா.

"மணிக்கு ஒருவாட்டி ஓடுற. எளைச்சும் பூட்ட. சுகருதான்டி. எங்க மாமியாருக்கு இப்டித்தான் ஆரம்பிச்சுது."

"அப்டியாக்கா?"

"இன்னா அப்டியா? போய் டாக்டராண்ட காட்டு."

கனகம் போனாள். மாத்திரையோடு வந்தாள்; சுகருக்கானது அல்ல, மனசுக்கானது.

"பாத்தியா, சொன்னேன்ல" என்றாள் மஞ்சுளா.

கனகம் தலையாட்டினாள். அவள் செய்த தப்பு அந்த ஒரு தலையாட்டல்தான்.

மறுநாளிலிருந்து லைனே அவளைத் தாங்கியது. கேன்டீன் தமிழ்வாணன் சர்க்கரை போடாத டீயைத் தனி டம்ளரில் எடுத்து வைத்தான். யாரோ பாகற்காய் வறுத்துக் கொண்டுவந்தார்கள். மஞ்சுளா தினமும் ஒரு குட்டி டப்பாவில் ஊறவைத்த வெந்தயம்.

"அப்டியே முழுங்கு. மூஞ்ச சுளிக்காத, நான் இன்னா வெஷமா குடுக்கறேன்?"

சுகருக்கு இவ்வளவு அன்பு கிடைக்கும். மற்றதற்குக் கிடைக்குமா என்று கனகத்துக்குத் தெரியாது. எனக்கும்தான்.

4

கனகம் போய்ப் பார்த்த மருத்துவரை எழுதுவதில் தடுமாறினேன். முதல் பிரதியில் டாக்டர் ஜெபகுமார் மூளையைப் பற்றி இரண்டு பக்கம் பேசினார். பாதியிலேயே கனகம் எழுந்து போய்விட்டாள். எனவே அவளையே கேட்க விட்டேன்.

"டென்ஷன் எல்லாருக்கும்தான் கீது சார். எனக்கு மட்டும் ஏன் இப்டி?"

"திடீர்னு பயந்தா உடம்பு என்னம்மா செய்யுது?"

"நெஞ்சு அடிச்சுக்கும். கை தானா வேகமா ஓடும்."

"மூளை போடுற உத்தரவு அது. கார்டிசால்னு ஒரு சுரப்பு கூடும். பயம் போனதும் அடங்கணும். மாசக்கணக்கா அடங்கலைன்னா, அதை அடக்குற இடமே மூளையில சோர்ந்துபோகலாம். சந்தோஷத்தை வாங்கிக்குற இடமும் மங்கலாம். எல்லாருக்கும் ஆகறதில்ல. ஏன் சிலருக்கு மட்டும்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது."

(மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு வேறு. முன்னது நீண்டால் பின்னதற்கு வழி திறக்கலாம். லைனில் இரண்டுக்கும் 'டென்ஷன்' என்று ஒரே பேர்.)

கனகம் சொன்னாள்: "எம்பொண்ணு மார்க் ஷீட்ட கொண்டாந்து காட்டுனா சார். நல்லா கீதுன்னு சொன்னேன். உள்ள ஒண்ணுமே ஆவல."

"நீங்க கெட்ட அம்மா இல்ல. அந்த இடம் களைச்சிருக்கு. திரும்பும்.* மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க."

* 'பெரும்பாலும் திரும்பும்' என்றுதான் ஒரு டாக்டர் சொல்வார். திருத்தப் போனேன். ஆனால் கனகம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினாள். பிடுங்க மனம் வரவில்லை.

5 (முதலில் இது 3 ஆக இருந்தது)

கம்பெனியில் வருஷாந்திர மருத்துவ முகாம். எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. கனகத்துக்குச் சுகர் இல்லை. இருந்ததற்கான தடயமும் இல்லை.

மஞ்சுளா ரிப்போர்ட்டைப் பிடுங்கிப் படித்தாள். லைன் முழுக்கச் சொன்னாள். மறுநாள் ஒரு பை லட்டோடு வந்தாள்.

"வெந்தயம் வேல செஞ்சுகீது. இனிமே அந்த மாத்திரய தூக்கிக் கடாசு. சும்மா முழுங்கிகினு இருந்தா கிட்னி பூடும்."

"டாக்டர் நிறுத்தக்கூடாதுன்னாருக்கா."

"அவுரு வியாபாரம் அவருக்கு. குடு, நானே கடாசறேன்."

இப்போது மாத்திரை போக வேண்டும், இல்லையென்றால் பொய் போக வேண்டும். வேறு வழி வைக்க முயன்றேன். 'அன்றைக்குப் பார்த்து மஞ்சுளாவுக்கு வேறு லைனுக்கு மாற்றல்' — கோழைத்தனம். எடுத்துவிட்டேன்.

6

கனகம் மாத்திரையை நிறுத்துகிற முடிவு ஒன்று எழுதினேன். கிழித்துப் போட்டேன். உண்மையைக் கேட்டு மஞ்சுளா பஸ்ஸில் இடம் மாறி உட்காரும் முடிவு ஒன்று. மஞ்சுளாவுக்கு அது அநியாயம். 'எனக்கும் அப்டித்தான்டி இருந்துச்சு' என்று அவள் அழுகிற முடிவு இனித்தது. அதனாலேயே நம்பவில்லை.

என் காதில் விழுந்தது இவ்வளவுதான். மூணு மணி. ஷிப்டு முடிந்து பஸ் கிளம்புகிறது. ஜன்னலோரம் கனகம், பக்கத்தில் மஞ்சுளா.

"அக்கா, எனக்குச் சுகரே இல்லக்கா."

"அதான் பூடுச்சே."

"எப்பவுமே இல்ல. பாத்ரூம்ல சும்மா நின்னுகினு இருப்பேன்."

"சும்மா இன்னாத்துக்கு நிப்ப?"

"தெரியலக்கா. எதுமேலயும் ஆச இல்ல. சாப்பாடு, புள்ள, எதுமேலயும். அதுக்குத்தான் மாத்திர. உங்களாண்ட பொய் சொல்லிட்டேன்."

நான்கு நாளாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சுளாவின் குரல் வரவில்லை. அவளுக்குப் பதிலாக நான் பேசினால் அது என் குரலாகிவிடும்.

பஸ் நகர்கிறது. கனகம் சொல்லி முடித்துவிட்டாள். பக்கத்து சீட்டில், மஞ்சுளாவின் இடத்தில், நீங்கள் உட்காருங்கள். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.