ஒரு வீச்சுக்கு ஒன்று

ஊர் உலகமெல்லாம் கலோரியை எப்படி எரிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, தராசக்கா மட்டும் அதை எப்படி எரியாமல் காப்பாற்றுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். போனில் தேடினால் வந்து விழுவதெல்லாம் வேறு ஜாதிக் கணக்கு. 'மீன் பிடித்தபடியே எடையைக் குறையுங்கள், ஒரு மணி நேரத்தில் இத்தனை கலோரி எரியும், அனுபவியுங்கள்!' என்று எவனோ பல்லைக் காட்டிக்கொண்டு எழுதியிருந்தான். அவன் மட்டும் நேரில் வந்திருந்தால் அக்கா அவனை நன்றாக அனுபவிக்க வைத்திருப்பாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது ரொட்டிக் கடையில். இருபத்தாறு வருஷமாக அங்கே மாவு நிறுப்பது அவள் வேலை. நானூறு கிராம் என்று சொல்லிக் கிள்ளிப் போட்டால், அது நானூறுதான். புதிதாக வருகிறவர்கள் நம்பாமல் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, மறு பேச்சில்லாமல் 'அக்கா' போட்டுக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். விடியலில் போய் மதியம் திரும்புவாள். கை, கழுத்து, தலைமுடி எங்கும் மாவு வாசனை.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஜனங்களை ஏற்றி இறக்கும் பெட்டிகளுக்கு வைத்தியம் பார்த்தவர், போன வருஷம் தாமே வைத்தியத்துக்குப் போக வேண்டியதாயிற்று. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள். டாக்டர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: ஐம்பது கிலோவுக்குக் கீழே போனால் மருந்து கிடையாது. அந்த உடம்பு தாங்காது, நோயை விட்டுவிட்டு மருந்து ஆளைத் தின்ன ஆரம்பித்துவிடும் என்றார்.

அன்றைக்கு அவர் ஐம்பத்திரண்டு கிலோ நானூறு கிராம். தராசக்கா வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். இடது பக்கம் அவர் வாய்க்குள் போனது, வலது பக்கம் உடம்பிலிருந்து போனது. ஏழாயிரத்து எழுநூறு கலோரி குறைந்தால் ஒரு கிலோ குறையும் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இருந்தது. அது போதும் அவளுக்கு. ஆளை நிறுக்கும் மெஷின் ஒன்று வாங்கலாமே என்றதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் ஏறி நிற்பதே போதும், வீட்டிலும் அந்தப் பரீட்சையா என்று கும்பிடு போட்டார்.

எல்லாவற்றையும் கணக்கில் அடைத்தாள், ஒன்று மட்டும் அடங்கவில்லை. அவர் மீன் பிடிப்பது.

வீட்டிலிருந்து எட்டு நிமிஷ நடையில் ஏரி. கல்யாணமான நாளிலிருந்து லீவு நாளென்றால் மனுஷன் அங்கேதான் பழி கிடப்பார். இப்போது எல்லா நாளும் லீவு. போகாதீர்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. போங்கள் என்று சொல்லவும் மனசு வரவில்லை. சரி, எவ்வளவுதான் எரிகிறது, பார்த்துவிடுவோம் என்று ஒரு மதியம் நோட்டும் பேனாவுமாகக் கூடவே கிளம்பிவிட்டாள்.

மடக்கு நாற்காலியில் அவர். பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் அவள். தூண்டிலை ஓங்கி வீசினார். கோடு போட்டாள். தூண்டில் நரம்பைச் சுற்றினார். கோடு போட்டாள். அவர் தும்மியதற்கும் ஒரு கோடு போட்டபோது திரும்பிப் பார்த்தார்.

"தும்மலுக்குமா?"

"உடம்பு குலுங்குதுல்ல," என்றாள்.

அவர் சிரித்தார். சிரிப்புக்கு எவ்வளவு போடுவது என்று தெரியாமல் அவள் விட்டுவிட்டாள்.

நாலைந்து நாள் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள். போக வர நடை நாற்பது. சும்மா உட்கார்ந்திருந்தால் மணிக்கு அறுபத்தைந்து. ஒரு வீச்சுக்கு ஒன்று. மீன் மாட்டிவிட்டால் ஐந்து, பெரிய மீனென்றால் எட்டு. மூன்று மணி நேரத்துக்கு ஆகமொத்தம் இருநூற்று எழுபது. அதற்கு ஈடாக ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், கால் பன். அதைத் தின்று முடிக்காமல் வீட்டுக்குத் திரும்ப அனுமதி இல்லை. அவருக்கோ பன்னைக் கண்டாலே குமட்டும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மென்றால்தான் இறங்கியது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் நோட்டு சொன்னது ஐம்பத்தொன்று. தராசு சொன்னது ஐம்பத்தொன்று நூறு. அவள் கணக்கு அத்தனை சுத்தம்.

அதற்கடுத்த தடவைதான் விசேஷம். நோட்டின்படி நாற்பத்தொன்பது கிலோ எழுநூறு. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். ஐம்பது கிலோ அறுநூறு! அவள் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. அதற்கும் அடுத்த தடவை நோட்டு நாற்பத்தெட்டு தொள்ளாயிரம் என்றது, தராசு ஐம்பது ஐந்நூறு என்றது.

"ஏரிக் காத்து," என்றார் அவர், கதவுப் பக்கம் பார்த்தபடி.

தராசக்கா வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கணக்கு தப்பானதற்குச் சந்தோஷப்பட்டாள். தப்பு எங்கே என்று யோசித்ததில், ஏரியில்தான் என்று பட்டது. வீட்டில் தின்றது, தூங்கியது, நடந்தது எல்லாம் தாளைப் பார்த்துப் போட்டவை, ஏரிக் கணக்கு மட்டும்தானே அவளே குத்துமதிப்பாகப் போட்டது. ஆகவே மீன் பிடிப்பது எரிப்பதில்லை. ஏரி எடுப்பதில்லை, கொடுக்கிறது. சொன்னால் ஊர் சிரிக்கும். ஆனால் மதிய வெயில் சாய்ந்து, தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போகிற நேரத்தில் அந்த வாளிமேல் உட்கார்ந்து பாருங்கள், எதைத்தான் நம்பமாட்டீர்கள்? விடியலில் எழுந்த களைப்பில் அவள் கண் சொருகும். அரைத் தூக்கத்தில் பார்ப்பாள்: அலை ஒவ்வொன்றும் கரைக்கு வந்து, அவர் காலடியில் எதையோ வைத்துவிட்டுப் போகும். ஒரு கிராம், இரண்டு கிராம். பிசைந்த மாவு மாதிரி வெள்ளையாக, மெத்தென்று. அது அவர் கணுக்காலில் ஒட்டும், முழங்காலில் ஏறும், ஒட்டிய கன்னத்தில் போய் நிரம்பும். விழித்துப் பார்த்தால் அவர் பழையபடி எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பார். இருந்தாலும் மனசு நிறைந்திருக்கும். அன்றிலிருந்து தினமும் போகலாம் என்று உத்தரவு கொடுத்தாள். பழைய கணக்கையும் நிறுத்தவில்லை, கை பழகிப்போயிற்று.

ஐந்தாவது தடவைக்கு முந்தின நாள். நோட்டு நாற்பத்தெட்டு கிலோ நூறு என்றது. அது கிடக்கட்டும் என்று அவள் மூடி வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அவர் தூண்டில் பாசியில் சிக்கி அறுந்தது. புது முள் கட்டி வீசினார். மிதப்பான் தண்ணீரில் நிமிராமல் பக்கவாட்டில் படுத்துக்கிடந்தது. இத்தனை நாள் பார்த்ததில் அவளுக்கும் கொஞ்சம் தெரியும். நரம்பில் ஈயம் கட்டினால்தான் அந்தப் பாரத்தில் மிதப்பான் நிமிர்ந்து நிற்கும்.

"ஏங்க, அது ஏன் படுத்துக்கிச்சு?"

"அதுக்கும் தூக்கம் வருது போல."

அவள் சிரித்துவிட்டாள். மிதப்பான் அன்று பூராவும் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுப்பவில்லை.

சாயங்காலம் அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போகிற பேண்ட்டை இஸ்திரி போட நாற்காலியிலிருந்து எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. கண் ஒன்றும் பார்க்கவில்லை, கைதான் சொன்னது: இரண்டே முக்கால் கிலோவுக்கு மேல். அரைக் கிலோ பேண்ட், எங்கிருந்து வந்தது மிச்சம்? இடுப்புப் பட்டையின் உள்ளே தடவினாள். கோணல் மாணலாகக் கையால் தைத்த ஒரு துணிப்பை சுற்றி ஓடியது. நூலைப் பிரித்துக் கொட்டினாள். ஈயம். எலுமிச்சை அளவில் ஐந்தாறு, பட்டாணி அளவில் ஒரு கைப்பிடி. தூண்டில் சாமான் பெட்டியில் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் எடுத்திருந்தார்.

சமையலறைத் தராசில் வைத்தாள். இரண்டு கிலோ முந்நூறு. நாற்பத்தெட்டு நூறோடு கூட்டினாள். ஐம்பது கிலோ நானூறு. பென்சிலே தேவைப்படவில்லை. அவள் கணக்கு ஒரு நாளும் தப்பவில்லை. தப்பியிருக்கக்கூடாதா என்று இருந்தது அவளுக்கு. ஏரி ஒரு கிராம்கூடக் கொடுக்கவில்லை. கேட்டதை எல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அந்தச் சமையலறையில் நின்றபடியே அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தட்டில் ஈயத்தோடு கட்டிலருகே போனாள்.

அவர் தட்டைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட மனுஷன் என்ன சொல்வார்? லிஃப்ட்டுக்குப் பின்னால் ஒரு பாரம் தொங்கும், அது இருந்தால்தான் பெட்டி ஏறும் என்று ஏதோ தொழில் ஞாயம் ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை.

"எடைய பாத்துத்தான் மருந்து அளக்குறாங்க," என்றாள். "இந்த ஈயத்துக்கும் சேத்து உங்க உடம்பு மருந்து குடிச்சிருக்கு. ரெண்டு தடவ."

அது அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. லிஃப்ட்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று வாழ்நாள் முழுக்கப் பலகை மாட்டிய ஆள்.

"தராசுல நம்பர் வர்றதுக்கு முன்னாடி நீ மூச்சப் புடிச்சிக்கிட்டு நிப்ப," என்றார் கடைசியில். "அன்னிக்கு நாப்பத்தொம்பதுன்னு வந்திருந்தா அந்த மூச்சு என்ன ஆகியிருக்கும்? மருந்துக்காக வைக்கலம்மா. உன் மொகத்துக்காக வச்சேன்."

அவள் அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டாள். எலும்பு கன்னத்தில் குத்தியது.

மறுநாள் அவர் தாமாகவே ஈயத்தைக் கட்டிய கைக்குட்டை மூட்டையை நர்ஸ் மேஜைமேல் வைத்துவிட்டு ஏறி நின்றார். இந்தத் தடவை தராசக்கா மூச்சைப் பிடிக்கவில்லை. என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்தெட்டு கிலோ நூறு.

மருந்து கிடையாது. மூன்று வாரம் நன்றாகச் சாப்பிட்டுத் தேற்றிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார் டாக்டர். இரண்டு தடவை மருந்து கூடுதலாகப் போனதற்கு ரத்தத்தைச் சோதித்துவிட்டு, தப்பித்தீர்கள் என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். கிளம்பும்போது தராசக்கா, இவர் ஏரிக்குப் போகலாமா என்று கேட்டாள். மீன் பிடிப்பதில் அப்படி என்ன எரிந்துவிடப் போகிறது என்றார் டாக்டர். அவள் நோட்டைத் திறந்து, நடை இவ்வளவு, உட்கார்ந்தது இவ்வளவு, வீச்சு இவ்வளவு, தும்மல் தனி என்று வாசித்தாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, போகட்டும், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கட்டும் என்றார்.

அதனால் இப்போது தூண்டில் தராசக்கா கையில். ரொட்டிக் கடையில் மாவுச் சாமான் ஏற்றும் தள்ளுவண்டியைக் கடன் கேட்டு, அதில் அவரை உட்கார வைத்து ஏரிவரை தள்ளிக்கொண்டு போகிறாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நடைக் கணக்கில் நாற்பது மிச்சம். முதல் நாள் வீசியதில் முள் அவள் முந்தானையிலேயே மாட்டியது. இரண்டாம் நாள் மரத்தில். அவர் போர்வைக்குள் இருந்துகொண்டு அதிகாரம் பண்ணுவார்: மணிக்கட்ட மடக்காத, பட்டாணி ஈயம் ரெண்டு போதும், நரம்ப விடு, விடு, இன்னும் விடு.

பதினோராம் நாள் ஒழுங்காக வீசினாள். மிதப்பான் ஒருமுறை முழுகி எழுந்து சாம்பல் தண்ணீரில் செங்குத்தாக நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் வருகிறதா என்ற கவலை யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. நோட்டில் நாற்பத்தெட்டு எழுநூறு வந்திருந்தது. இன்னும் ஒன்றே கால் கிலோவுக்கு மேல் வேண்டும், பத்து நாள் இருக்கிறது. ஆகுமா, ஆகாதா, அவளுக்கே தெரியாது. முப்பத்தோரு வீச்சு வீசியதில் தோள் கழன்றுவிடும் போல் வலித்தது.

அவர் பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்: "இன்னிக்கு எவ்ளோ எரிஞ்சிது உனக்கு?"

"எனக்கு எரியறதுக்கு எவ்வளவோ இருக்குங்க," என்றாள் அவள். "நீங்க சும்மா உக்காந்திருங்க. அது போதும்."