துமார் கண்டுபிடித்த தப்பு

ஓஷ் நகரப் பல்கலைக்கழகத்தில் துமாரைப் போலக் கணக்கைக் கண்டு நடுங்கியவர்கள் யாருமில்லை. பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டவள், சுற்றுலாத் துறைக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டாள். மதியம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதனாலேயே அன்று காலை வகுப்பில் அவளுக்குத் துளிப் பயமுமில்லை. கடைசி பெஞ்சில் தோழி குல்ஜானோடு சூரியகாந்தி விதை கொறித்தபடி பலகையை வேடிக்கை பார்த்தாள்.

கணக்கு ஆசிரியை ஸயிராவை எல்லோரும் 'எஜெ', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தொகையிடல் கணக்கை முடித்து, விடைக்கு அடியில் கோடு இழுத்தார். துமாருக்கு உறுத்தியது. நோட்டில் வகையிட்டுப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

"எஜெ, அந்தக் கடைசிக் குறி... கழித்தல் இல்ல, கூட்டல்."

"அடிப்பாவி, சும்மா இருடி!" குல்ஜான் அவள் தொடையில் கிள்ளினாள்.

"எப்படிச் சொல்ற?" என்றார் எஜெ.

"விடைய திருப்பி வகையிட்டா ரெண்டு காஸ் எக்ஸ் மிச்சம் நிக்குது எஜெ. நிக்கக்கூடாதில்ல?"

எஜெ பலகையை முறைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அட, ஆமா! வந்து நீயே திருத்து."

சுண்ணக்கட்டி கைக்கு வந்ததும் துமாருக்குத் தலைகால் புரியவில்லை. திருத்தினாள். அடுத்த கணக்கையும் போட்டாள். அதற்கடுத்ததையும்.

"எங்களுக்கும் ஒண்ணு மிச்சம் வைடி!" என்று எர்மெக் முன்வரிசையிலிருந்து கத்தினான்.

நான்காவது கணக்கு பாதியில் கோணிக்கொண்டு எங்கேயோ போனது. துமார் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தப்பா போட்டுட்டு என்னம்மா சிரிப்பு?"

"பயமே வரல எஜெ! எங்க வழுக்குச்சுன்னுதான் தேடுறேன்!"

மதியம் குல்ஜான் அவளை அலுவலகப் பக்கம் இழுத்தாள். "விண்ணப்பம் குடுக்கலையா? நேரமாச்சு."

"அது கிடக்குது விடு. மூணாவது வரியிலதான் வழுக்கியிருக்கேன், தெரியுமா?"

"முதல்ல சாப்பிட வாடி, பைத்தியம்."

சம்சாக் கடையில் துமார் எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து, அதன் மேலேயே எழுத ஆரம்பித்தாள். குல்ஜான் அவளுடைய சம்சாவையும் சேர்த்துத் தின்று முடித்தாள். துமார் கவனிக்கவேயில்லை.